மராமத்து ஒரு வீட்டில், வழக்கு இன்னொரு வீட்டில்

நங்கநல்லூரிலோ குரோம்பேட்டையிலோ 1980-களில் கட்டிய தனி வீடு. குழாயெல்லாம் உப்புத் தண்ணீரில் அரித்துப்போய், மழை வந்தால் தளம் ஒழுகும். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு மேடவாக்கம் பக்கம் கடன் போட்டு வாங்கிய பிளாட் ஒன்று. சென்னையின் தென்புறத்தில் இப்படி இரண்டு சாவி வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் நிறைய. பழைய வீட்டைப் புதுப்பிக்க முடிவானதும் எல்லோர் கண்ணும் பிளாட் மீது விழுகிறது. அங்கே போய் இருக்கலாமா, வாடகைக்கு விடலாமா, லீஸுக்கு விட்டு அந்தப் பணத்தில் டைல்ஸ் போடலாமா, பூட்டி வைக்கலாமா, விற்றே விடலாமா?

இந்தக் கணக்குகள் எல்லாமே காண்ட்ராக்டரின் ஒரு வாக்கைப் பிடித்துத் தொங்குகின்றன: "மூணு மாசத்துல முடிச்சிடலாம் சார்." அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பூச்சைக் கொத்திப் பார்க்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது அவருக்கும் தெரியாது. அக்டோபரில் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர்வரை தளவேலை இழுக்கும். ஆடியில் வீடு மாற மாட்டார்கள், மார்கழியும் அப்படித்தான். ஆனிக் கடைசியில் முடிய வேண்டிய வேலை பத்து நாள் தள்ளினால் குடிபோவது ஆவணிக்குப் போய்விடும். மூன்று மாதத்தை ஆறு மாதம் என்று எழுதி வைத்துக்கொண்டு இரண்டாவது வீட்டைப் பற்றி யோசிப்பதுதான் பிழைக்கும் வழி.

முதல் சிக்கல், அந்த பிளாட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது. "நம்ம வீடு, நமக்கு வேணும்னா காலி பண்ணித்தானே ஆகணும்?" என்று உரிமையாளர் நினைப்பார். பாதி சரி. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் நிறைவேறிய நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. சொந்தத் தேவை என்பது அதன்படி காலி செய்யக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. ஆனால் குடியிருப்பவர் மறுத்தால் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது ஆகிய பழைய வித்தைகளுக்கு இடமில்லை. அத்தியாவசிய வசதியை நிறுத்தினால் வாடகை ஆணையத்திடம் மனுச் செய்து திரும்பப் பெறும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. வீட்டைப் பார்வையிட வருவதானாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தும், உத்தரவு வந்தும் காலி செய்யாமல் உட்கார்ந்திருப்பவரிடம் மாத வாடகையைப் போல இரு மடங்கு இழப்பீடு கேட்க உரிமையாளரால் முடியும். அதற்குக் கையில் தேதி போட்ட காகிதம் வேண்டும். வாய்ப்பேச்சில் குடிவைத்தவருக்கு இந்த வழி கரடுமுரடு.

காகிதம் என்றதும் பலர் காட்டுவது முத்திரைத்தாளில் அடித்த 11 மாத ஒப்பந்தத்தை. அது ஏன் 11? ஓராண்டைத் தாண்டிய குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்குப் பயந்து ஊரே கண்டுபிடித்த கணக்கு இது. புதிய சட்டம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 11 மாதமானாலும் 4 மாதமானாலும் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். அட்வான்ஸும் இப்படித்தான். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது சென்னையின் பழைய பழக்கம். சட்டம் சொல்வது மூன்று மாதம். இருவரும் ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொண்டால்தான் அது மாறும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து, திருப்பித் தர வேண்டும். அந்தப் பத்து மாத அட்வான்ஸை மராமத்தில் போட்டுவிட்டவர் அந்த ஒரு மாதத்தில் எங்கே போவார்?

இதே பள்ளத்தின் ஆழமான பகுதிதான் லீஸ்.

ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். மொத்தமாக ஒரு தொகை, மாத வாடகை கிடையாது, மூன்று வருடம் கழித்துத் தொகை வட்டியில்லாமல் திரும்பும். மராமத்துக்குப் பணம் திரட்டும் குடும்பத்துக்கு இது வங்கியை மிஞ்சிய வசதியாகத் தெரியும். உண்மையில் இது கடன். மாதத் தவணை கட்டாத கடன் என்பதால் கடனாகவே தோன்றுவதில்லை. மூன்றாம் வருட முடிவில் முழுத் தொகையையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த லீஸுக்கு ஆள் கிடைத்தால் அவர் பணத்தை இவருக்குக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் பல வீடுகள் ஓடுகின்றன.

பிளாட்டுக்கு வீட்டுக் கடன் நிலுவையில் இருந்தால் இன்னொரு முடிச்சும் விழுகிறது. அடமானத்தில் இருக்கும் சொத்தைக் குத்தகைக்கு விடுவதற்கு 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 65ஏ பிரிவு வரம்பு போடுகிறது. நியாயமான வாடகைக்குத்தான் விட வேண்டும், மொத்தத் தொகையோ முன்வாடகையோ வாங்கக் கூடாது, கட்டடமென்றால் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. வங்கியுடன் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் நம்முடைய லீஸ் வழக்கம் இதில் நேராகப் போய் முட்டும். தவணை தவறி, 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வங்கி வீட்டைக் கையகப்படுத்தும்போது, அடமானத்துக்குப் பின் பதிவில்லாத காகிதத்தோடு குடிவந்தவர் நிற்க இடமில்லாமல் தவிப்பார். அவர் கொடுத்த பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். லீஸுக்கு வருபவர் செய்ய வேண்டியது வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது, மூலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பது. 'ஒரிஜினல் பேங்க்ல இருக்கு' என்று பதில் வந்தால், வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பணம் நீட்டக் கூடாது.

தொகையை ரொக்கமாகக் கைமாற்றுவதும் ஆபத்து. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக, டெபாசிட்டாக ரொக்கத்தில் வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. அந்த அபராதம், பணம் வாங்கியவர் தலையில்தான் விழும்.

இடையில் புகும் நிறுவனங்கள் தனிக் கதை. "நீங்க அலையவே வேண்டாம், மாசா மாசம் வாடகை உங்க அக்கவுண்ட்ல விழும்" என்று உரிமையாளரிடம் வீட்டை எடுப்பார்கள். அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்குப் பல லட்சம் லீஸுக்கு விடுவார்கள். சில மாதம் வாடகை ஒழுங்காக வரும். பிறகு போன் எடுக்க ஆளிருக்காது. வாடகை வராத உரிமையாளரும், பணம் கொடுத்த குடும்பமும் ஒரே வாசலில் எதிரெதிரே நிற்பார்கள். சென்னையில் இந்த வகை மோசடி பலமுறை போலீஸுக்குப் போயிருக்கிறது. உரிமையாளரின் எழுத்துச் சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேலை அவசரத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அந்தச் சம்மதமும் எழுதப்பட்டிருக்கும் என்பதுதான் விபரீதம்.

யாரைக் குடிவைக்கிறோம் என்பதற்கு வேளச்சேரி ஒரு பாடம். வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட 5 பேர் 2012 பிப்ரவரியில் அங்கே ஒரு வாடகை வீட்டில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. நாலு மாதத்துக்குத்தானே என்று இதைத் தட்டிக் கழிப்பவர்கள் அதிகம்.

சொந்தக்காரரைச் சும்மா தங்க வைப்பவர்களுக்கும் ஒரு தாள் தேவை. வாடகையில்லாமல், அனுமதியின் பேரில், இந்தத் தேதிவரை தங்குகிறேன் என்று மைத்துனரிடம் எழுதி வாங்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பிற்பாடு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளும்போது வரும் கூச்சம் இதைவிடப் பெரிது. பூட்டியே வைக்கிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லி வைக்கலாம். வீட்டுக் காப்பீடு இருந்தால், ஆளில்லாத வீட்டுக்கு நாள் வரம்பு ஏதும் போட்டிருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். "பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா வீடு அவனுக்கே" என்ற பயம் மட்டும் வேண்டாம். அந்த 12 ஆண்டுக் கணக்கு, உரிமையாளருக்கு எதிராகத் தன்னுடையது என்று பகிரங்கமாக அனுபவிப்பவருக்கு உரியது. வாடகை கொடுத்துக் குடியிருக்கும்வரை வாடகைதாரர் அப்படிச் சொல்ல முடியாது.

வரிக் கணக்கு பலர் நினைப்பதைவிட மென்மையானது. சொந்தக் குடியிருப்பாக இரண்டு வீடுவரை காட்டலாம், அவற்றுக்குக் கற்பனை வாடகை போட்டு வரி கேட்பதில்லை. மராமத்துக்காக ஒன்று காலியாகக் கிடப்பதால் மட்டும் வரி வராது. மூன்றாவது வீடு இருந்தால்தான் தலைவலி. மாதம் 20,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 2,40,000. கட்டிய சொத்துவரி 6,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2,34,000. அதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்தபின் 1,63,800-க்குத்தான் வரி. பிளாட்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும் இதே 30 சதவீதம்தான். பழைய வீட்டின் மராமத்துச் செலவை பிளாட்டின் வாடகையில் கழிக்கவும் முடியாது.

விற்க நினைப்பவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். பிளாட்டை விற்ற லாபத்தைப் பழைய வீட்டில் போட்டால் மூலதன ஆதாய வரி கிடையாது என்று நம்புகிறார்கள். வரிவிலக்கு, புதிதாக ஒரு வீட்டை இரண்டாண்டுக்குள் வாங்கினாலோ மூன்றாண்டுக்குள் கட்டினாலோதான். டைல்ஸ் மாற்றியதும் பெயிண்ட் அடித்ததும் அந்தக் கணக்கில் சேராது. விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது அந்த மூன்று மாத வாக்கில். காண்ட்ராக்டரோடும் ஒப்பந்தம் எழுதலாம், எழுத வேண்டும். எந்த வேலை, என்ன பிராண்ட் சாமான், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம், தாமதித்தால் வாரத்துக்கு என்ன கழிவு, எல்லாம் அதில் வர வேண்டும். பாதி வேலையில் ஆளைக் காணோம் என்றால் அவரைத் திட்டிக்கொண்டு அடுத்த மேஸ்திரியைத் தேடுவதுதான் நம் வழக்கம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டம் சொல்லும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம்வரை கட்டணம் கிடையாது. கெடு இரண்டாண்டு. அடுத்த மேஸ்திரி வந்து சுவரைப் பூசி மூடுவதற்கு முன், அரைகுறையாக நிற்கும் வேலையைத் தேதியோடு படமெடுத்து, ஒரு பொறியாளரின் மதிப்பீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.