மாட்டுக்குத் தவிடு... எனக்குச் சர்க்கரை!

மதியம் ஒரு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வந்தால் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். 'டங்... டங்' என்று டிபன் கேரியர்கள் திறக்கும் சத்தம். நாலு அடுக்கில் மூன்று அடுக்கு சோறு. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. நாலாவதில் ஓரமாக, பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஸ்பூன் பொரியல்! அடியேனும் அந்தக் கட்சிதான்.

போன மாதம் கம்பெனியில் மெடிக்கல் செக்கப். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.1 என்று வந்தது.

"பார்டர்ல நிக்கறீங்க" என்றார் டாக்டர்.

"எந்தப் பக்கம் சார்?"

அவர் சிரிக்கவில்லை. "சாதம் எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"கம்மிதான் சார். மூணு வேளைதான்."

அதற்கும் அவர் சிரிக்கவில்லை. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. இதே சர்க்கரையில்தான் என் அப்பாவுக்கு இடது கால் கட்டைவிரல் போனது. அப்போது அவருக்கு 58 வயது. எனக்கு இப்போது 34.

"ஸ்வீட்டே தொடறதில்லையேங்க!" என்று என் மனைவி கண் கலங்கினாள். ஸ்வீட் எதற்கு? தட்டில் மலைபோல் குவிக்கிறோமே, அந்தச் சோறே வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறுகிறது.

இதை நம் ஊரிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் வி.மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2001-ல் தொடங்கிய ஆய்வில் 26,001 சென்னைவாசிகளைப் பரிசோதித்தது. அவர்களில் சுமார் 2,000 பேரின் சாப்பாட்டைத் தனியாக அலசி 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் தீட்டிய தானியம் சராசரியாக 333 கிராம். மொத்த கலோரியில் கிட்டத்தட்ட பாதி! அந்தத் தானியத்தில் முக்கால்வாசி வெள்ளை அரிசி. அளவு ஏற ஏற தொப்பை, ரத்தக் கொழுப்பு, சர்க்கரைத் தொல்லைகளும் ஏறுகின்றன.

அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011-ல்தான். ஆகவே அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. தப்பித்தோம் என்று சொல்ல முடியுமா? தின்றது அதே அரிசி!

ஞாயிற்றுக்கிழமை செங்குன்றம் போனேன். அங்கே ரைஸ் மில்லில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, உமி நீக்கி, கடைசியில் தீட்டுகிறார்கள். முத்து மாதிரி வந்து விழுந்தது அரிசி.

"தவிடு எங்கண்ணே போகுது?"

"எண்ணெய் எடுப்பாங்க. மிச்சம் மாட்டுத் தீவனம் தம்பி."

நாரும் வைட்டமினும் இருப்பது அதில்தான். மாடு தெம்பாக இருக்கிறது. நான் பார்டரில் நிற்கிறேன்!

இந்தத் தவிட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. மில் வந்த பிறகு, தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த பழைய சென்னை மாகாணத்தின் வட கடலோர ஜில்லாக்களில் (இன்றைய ஆந்திரா) 'பெரிபெரி' என்ற நோய் வாட்டியது. பி1 வைட்டமின் குறைவால் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயமே நின்றுபோகும். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் ஜில்லாக்களில் அது அபூர்வம். குன்னூரில் மெக்காரிசன் என்ற அயர்லாந்துக்கார டாக்டரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறதாம். நம் பாட்டிமார் வைட்டமின் பெயர் தெரியாமலே வைட்டமினைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

அங்கோர்வாட் கட்டிய கெமர் மக்களின் கம்போடியாவில் இந்தக் கதை இன்னும் முடியவில்லை. அங்கேயும் முக்கிய உணவு தீட்டிய வெள்ளை அரிசி. தாய்க்கு பி1 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். கைக்குழந்தைக்குப் பெரிபெரி வரும். சோற்றை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆராய்ச்சியாளர்கள் அவர்கள் தினமும் ஊற்றிக்கொள்ளும் மீன் சாஸில் பி1-ஐக் கலந்து, பிரே வெங் மாகாணத்துக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தாய், சேய் இருவர் ரத்தத்திலும் பி1 கூடியது. 2016-ல் வெளிவந்த முடிவு இது.

'அப்போ புழுங்கலரிசி சாப்பிட்டா சுகர் வராதுல்ல?' என்று குஷியாகாதீர்கள். பெரிபெரிக்கு அது காவல். மலைபோல் குவித்தால் சர்க்கரைக்கு அதுவும் உடந்தை! 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சுமார் ஒன்பதரை ஆண்டு கவனித்து 2020-ல் ஒரு முடிவு சொன்னார்கள். வெள்ளைச் சோறு அதிகமானால் நீரிழிவு அபாயமும் அதிகம். அந்தத் தொடர்பு மிகப் பலமாகத் தெரிந்தது தெற்காசியாவில். அதாவது, நம் தட்டில்!

வழி? டாக்டர் மோகன் குழுவினர் குண்டான சிலருக்கு வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத பழுப்பரிசி கொடுத்தார்கள். ஐந்தே நாளில் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. பருப்பு வகையும் சேர்த்தபோது 23 சதவீதம். சின்ன ஆய்வுதான், 2014-ல் வந்தது. ஆனால் திசை புரிகிறது.

வீட்டில் பழுப்பரிசி வந்தது. முதல் நாள், "என்னப்பா, சோறு அழுக்கா இருக்கு?" என்றான் என் பையன். எனக்கும் மெல்ல மெல்லத் தாடை வலித்தது. இப்போது பழகிவிட்டது. அதைவிட முக்கியம், கேரியரில் நடந்த ஆட்சி மாற்றம். ஒரு அடுக்கு சோறு. ஒன்றில் சுண்டல், ஒன்றில் கூட்டு, ஒன்றில் கீரை.

நேற்று என் கேரியரைப் பார்த்த பக்கத்து சீட் நண்பர், "என்ன சார், வீட்ல சண்டையா?" என்றார்.

"ஆமா சார், சர்க்கரையோட!" என்றேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. அப்பாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.