ஹவுசா மொழியில் வட்டியும் லாபமும்

ஆங்கில வணிக வழக்கில் ‘இன்ட்ரெஸ்ட்’ என்னும் சொல், கடன் கொடுத்தவர் முதலுக்கு மேல் பெறும் வட்டியையும், நிறுவனத்திலோ சொத்திலோ ஒருவருக்குள்ள உரிமைப் பங்கையும் ஒருசேரக் குறிக்கிறது. வடக்கு நைஜீரியாவிலும் தெற்கு நைஜரிலும் கோடிக்கணக்கானோர் பேசும் ஹவுசா மொழியில் இவை வெவ்வேறு பெயர் பெறுகின்றன. நிறுவனப் பங்கு ‘ஹன்னுன் ஜாரி’, அதாவது மூலதனத்தின் கை. கடனாகக் கொடுத்த அசல் ‘உவர் குடி’, பணத்தின் தாய். அதன்மேல் ஏறும் வட்டியோ ‘குடின் ருவா’, தண்ணீர்ப் பணம்.

சிக்கல் ‘ரிபா’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அரபு மொழியில் வணிக லாபத்தைக் குறிக்கும் ‘ரிப்ஹ்’ வேறு, இஸ்லாம் விலக்கிய மிகைப்பணமாகிய ‘ரிபா’ வேறு. ஆனால் கானோ நகரச் சந்தையில் துணி வணிகர் தமக்குக் கிடைத்த நேர்மையான லாபத்தை ‘ரிபா’ என்றே சொல்ல, அபூபக்கர் குமியின் ஹவுசா குர்ஆன் மொழிபெயர்ப்பில் விலக்கப்பட்டதும் அதே சொல்லால் சுட்டப்படுவதால், கேட்பவர் இடமறிந்தே பொருள் கொள்ள வேண்டியுள்ளது.

நைஜீரிய நாணயத்தில் நூறு நைராவைக் கடனாகத் தந்து நூற்றுப்பத்தாகத் திரும்பப் பெற்றால் மிகுந்த பத்து ‘குடின் ருவா’. நூறு நைராவுக்குத் துணி வாங்கி நூற்றுப்பத்துக்கு விற்றால் மிகுந்த பத்து லாபம். தொகை ஒன்றேயானாலும், வணிகர் சரக்கைத் தமதாக்கி, அது விற்காமல் போகும் இழப்பையும் ஏற்கிறார் என்பதே வேறுபாடு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்குவது மிக முக்கியம். ஏனெனில் வட்டிக்கு அஞ்சும் ஒருவர் வங்கியையே ஒதுக்கிவிடக்கூடும்.

நைஜீரியாவின் முதல் முழுமையான வட்டியில்லா வங்கியான ஜாயிஸ், 2012 ஜனவரியில் அபுஜா, கடுனா, கானோ நகரங்களில் செயல்படத் தொடங்கியது. இத்தகைய வங்கிகள் கையாளும் ‘முராபஹா’ முறையில், வாடிக்கையாளர் விரும்பும் பொருளை வங்கி முதலில் தன் பெயரில் வாங்கி, அடக்கவிலையையும் தன் லாபத்தையும் வெளிப்படையாகக் கூறி, தவணைக்கு விற்கிறது. நைஜீரிய அரசும் வட்டியில்லா வழியைப் பின்பற்றி, 2017 செப்டம்பரில் நெடுஞ்சாலைப் பணிகளுக்காக 10,000 கோடி நைரா மதிப்பில் ஏழாண்டு ‘சுகூக்’ பத்திரங்களை வெளியிட்டது; அவற்றை வாங்கியோருக்கு ஆண்டுக்கு 16.47 விழுக்காடு தர ஒப்புக்கொண்ட தொகை, கடன் வட்டியாக அல்லாமல், அச்சாலைச் சொத்துகளுக்கு அரசு செலுத்தும் வாடகையாகவே வரையறுக்கப்பட்டது.