வாசல் மண்ணில் பூவும் தேன்சிட்டும்



தோட்டத்து வீடு என்றதும் நம் கண்முன் நிற்பது எது? வாசற்படி, அதற்கு முன்னால் நான்கடி அகலத்தில் ஒரு துண்டு மண், அதையடுத்துக் கால்வாய். லயத்தை விட்டுத் தனி வீடுகளுக்கு மாறியவர்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதல் இடம் இருக்கலாம். அந்த மண்ணில் என்ன பூச்செடி வைக்கலாம், அதைத் தேடி எந்தப் பறவை வரும் என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

"செடி வைப்பதானால் கத்திரியும் வெண்டையும் வைக்கிறோம், சார். பூவைக் குழம்பில் போட முடியுமா?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் நம்மிடம் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குரிய பதில் சற்றுப் பின்னால் வரும்.

நம் நாட்டில் வசந்தம், குளிர்காலம் என்ற பிரிவுகள் இல்லை. வெயிலும் மழையும்தான். இருந்தாலும் செடி கொடிகளுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பதைப் பால் வெட்டும் குடும்பங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வறட்சியில்தான் காகிதப்பூச் செடி இலை தெரியாமல் பூத்து நிற்கும். பரிதாபப்பட்டு அதற்கு நாள்தோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும், பூ குறைந்துவிடும். கெடா, பெர்லிஸ் பக்கம் ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சி நன்றாகத் தெரியும். அதனால் அங்கே சரக்கொன்றை கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. மழை அவ்வளவாக விடாத தெற்கே அதே மரத்தை நட்டுவிட்டு அதே பூவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். செம்பருத்தியும் இட்லிப்பூவும் அப்படியல்ல. வெயில் படும் இடமாக இருந்தால் ஆண்டு முழுவதும் பூக்கும்.

மழைக்கென்றே பூக்கும் செடி ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதை அங்ரேக் மெர்பாத்தி, அதாவது புறா ஆர்க்கிட் என்கிறார்கள். பெரிய மரங்களின் கிளைகளில் தானாகவே தொற்றி வளரும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது. வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று பெருமழை பெய்து காற்று சட்டென்று குளிர்கிறது அல்லவா? அந்தக் குளிர்ச்சிதான் அதற்கு அழைப்பு. ஏறத்தாழ ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்திலுள்ள எல்லாப் புறா ஆர்க்கிட்டுகளும் ஒரே காலையில் வெள்ளை வெளேரென்று பூத்து மணம் வீசும். மறுநாள் வாடிவிடும். நம் மாணவர்கள் பெருமழை பெய்த நாளைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்து, ஒன்பது நாளை எண்ணுவார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்க அழும் பிள்ளைகூட இதில் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. விழுந்த கிளையில் இந்தச் செடி கிடைத்தால், தேங்காய் மட்டையோடு சேர்த்து வேலிமரத்தில் கட்டிவிடுங்கள்.

இனிப் பறவைகள். செம்பருத்தி, 1960ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் தேன்சிட்டுக்கு அது வெறும் தேன்குடம். கட்டைவிரல் அளவே உள்ள, மஞ்சள் வயிறும் வளைந்த அலகும் கொண்ட அந்தக் குருவி, சில வேளை பூவின் வாயில் நுழையாமல் அடிப்பக்கத்தைக் குத்தித் தேனைத் திருடிவிடும்! ஆணுக்குத் தொண்டை கருநீலம். பெண்ணுக்கு அது கிடையாது. இட்லிப்பூவுக்கும் வரும். மனிதர் நடமாட்டத்திற்கு அஞ்சாமல் வாசல் செடியிலும், துணி காயும் கம்பியிலும்கூடப் பை போன்ற கூட்டைத் தொங்கவிடும்.

ஒரு வருடம் நம் வகுப்பறைச் சன்னலோரத்துச் செடியில் அப்படி ஒரு கூடு இருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். அதே சமயத்தில் பக்கத்துக் கறிவேப்பிலையைப் புழு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. யாரோ குளிர்பானப் போத்தலில் கொண்டுவந்து தந்த மிச்ச மருந்தை, என்ன மருந்து என்றுகூடக் கேட்காமல் நாமே தெளித்தோம். மூன்றாம் நாள் தாய்க்குருவி கூட்டுக்கும் கிளைக்குமாய்ப் பறந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தோம். இரண்டு குஞ்சுகளும் அசையவில்லை. தேன்சிட்டு தேன் குடித்தாலும், குஞ்சுகளுக்குப் பூச்சியையும் சிலந்தியையும் பிடித்துத்தான் ஊட்டும் என்பது அதன் பிறகே நமக்குத் தெரிந்தது. விஷம் தின்று செத்தனவா, பூச்சி கிடைக்காமல் பட்டினியில் செத்தனவா, யாருக்குத் தெரியும்? "சார், நாமா கொன்றோம்?" என்று இரண்டாம் வகுப்புப் பெண் கேட்டாள். ஆமாம் என்றோம்.

குஞ்சுகளோடு அது முடிந்தது நம் அதிர்ஷ்டம். அந்தப் போத்தலை ஒரு பிள்ளை எடுத்துக் குடித்திருந்தால்? பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு முறிவு மருந்தே இல்லை. பழைய மிச்சம் எங்காவது கொட்டகை மூலையில் இருந்தால் தொடாதீர்கள். தோட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். வேறு எந்த மருந்தாக இருந்தாலும் வேலைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். குடிக்கிற போத்தலில் ஊற்றவே வேண்டாம்.

அப்படியானால் புழுவுக்கு என்ன வழி? இங்கேதான் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துப் பாதையோரத்தில் வெள்ளைப் பூவும் நடுவில் கறுப்புமாய் ஒரு செடி வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை எட்டு மணி வாக்கில் மலர்ந்து மதியத்தில் மூடிக்கொள்வதால் மலாயில் புங்கா புக்குல் லாப்பான் என்பார்கள். நிர்வாகம் அதை அழகுக்காக நடவில்லை. அந்தப் பூவின் தேனைக் குடிக்க வரும் சின்னஞ்சிறு குளவிகள், பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பயன்படுவது நம் நான்கடி மண்ணுக்கு ஆகாதா? கத்திரிப் பாத்தியின் ஓரத்தில் இரண்டு செடி வையுங்கள். புழு அடியோடு ஒழியாது. மிச்சத்தைக் கையால் பொறுக்குங்கள். வீட்டுப் பாத்திக்குக் கையே போதும்.

பறவைக்கு ஒரு தட்டில் தண்ணீர் வைக்கலாம். ஆனால் நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் விட்டால் ஏடிஸ் கொசு உற்பத்தியாகிவிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி அபராதமும் வரும். அன்றாடம் கழுவ முடியாதவர்கள் தட்டே வைக்க வேண்டாம். அரளி நட ஆசைப்படுகிறவர்கள், அதன் எல்லாப் பாகமும் விஷம் என்பதை நினைவில் வைத்து, குழந்தை தவழும் வாசலை விட்டுத் தள்ளி நடுங்கள்.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. செம்பருத்தியின் முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஈர மண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு அக்டோபர் மழை தொடங்கும் சமயம் தோதானது. கிளைக்குப் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.