பெட்டியில் இல்லாத கடிதங்கள்



போன மாதம் பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். உள்ளே ஒரு மஞ்சள் பை நிறைய நீல நிற இன்லண்ட் லெட்டர்கள். 1999-ல் கார்கில் சண்டையின்போது, ராணுவத்தில் இருந்த என் வீட்டுக்காரர் எழுதியவை.

லீவில் வந்திருந்த மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். பிறகு, "ஏம்மா, அப்பா எழுதினது அத்தனையும் இருக்குது. நீ எழுதினது எங்கே?" என்று கேட்டாள். அவரைப் பார்த்தேன். "கேம்ப் மாறும்போது மூட்டையைக் குறைக்கணுமே, அதுல போயிடுச்சு" என்றார் பாவமாக.

அடுத்த முறை வந்தபோது அவள் கொடுத்த புத்தகம்தான் 'கண்மணி கமலாவுக்கு'. எழுத்தாளர் புதுமைப்பித்தன் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள செஞ்சியிலும் சின்ன வயதில் படித்தவராம் அவர்!

இரண்டாம் உலகப்போர் நடந்த 1939 முதல் 1945 வரையிலான வருஷங்களும் அந்தக் கடிதங்களுக்குள் அடக்கம். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையே காலியான காலம் அது. அவர் சென்னையில் பத்திரிகை வேலையில். கமலா அம்மாவோ பல நாள் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில். பக்கத்துக்குப் பக்கம் ஆசை வார்த்தை. கூடவே பணக் கஷ்டம், உடம்பைப் பார்த்துக்கொள் என்ற கவலை. பெரிய எழுத்தாளர் வீட்டிலும் நம் வீட்டுக் கதைதான். பிறகு சினிமா வேலையாகப் புனே போனவர், காசநோயோடு மனைவியிடம் திரும்பி, 1948 ஜூன் 30-ல் கண்மூடினார். வயது 42.

கமலா அம்மாவும் சிறுகதைகள் எழுதியவர்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் நாம் கேட்பது அவர் குரலை மட்டுமே. அந்த அம்மா என்ன எழுதினார், எதை எழுதாமல் மறைத்தார் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். அவருடைய லெட்டர் ஒவ்வொன்றையும் எடுத்து, அன்றைக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று ஞாபகப்படுத்தி எழுதத் தொடங்கினேன். 'பசு கன்று போட்டுச்சா?' என்று கேட்டிருந்தார். கிடேரிக்கன்று என்று அப்போதே எழுதிவிட்டேன். 'அம்மா எப்படி இருக்காங்க?' என்றும் கேட்டிருந்தார். நல்லா இருக்காங்க என்று எழுதினேன். உண்மையில் மாமியார் அப்போது திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சண்டையில் நிற்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அதையும் இப்போது நோட்டில் எழுதிவிட்டேன்.

படித்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. "இத்தனையும் நீ ஒருத்தியாவா சுமந்தே?" என்றார். அது போதும் எனக்கு.

தோழிகளே, வீட்டுக்காரர் எழுதியதை நாம் பத்திரமாக வைத்திருப்போம். நாம் எழுதியது எங்கே என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால், ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு நம் பக்கமும் தெரியட்டும்.

- ஒரு வாசகி, கீழ்பென்னாத்தூர்.