யார் அழைத்தார், ஏன் எடுக்கவில்லை?

தபால் நிலையத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று அன்று அழைப்புகளுக்கும் தரம் உண்டு. இணைப்பகத்தில் அமர்ந்திருந்தவர் எண், நேரம், பேசிய நிமிடம் ஆகியவற்றை ஒரு சீட்டில் குறித்து வைப்பார். கட்டணத்திற்கு அச்சீட்டே ஆதாரம். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, நடுவில் ஆளின்றி இணையும் எஸ்.டி.டி. முறை நம் நாட்டில் முதன்முதலாக வந்தது. குறிப்பெழுதும் வேலையும் காலப்போக்கில் பொறியின் கைக்குப் போயிற்று. இப்போது அக்குறிப்பைப் படித்துப் பொருள் சொல்லும் வேலையும் பொறிக்கே போகிறது. நம் இல்லங்களைத் தொடும் செய்தி இது என்பதால் சற்று விரிவாகவே காண்போம்.

கூடலூர், கம்பம் பகுதியில் திராட்சை வணிகம் செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சை, பறித்த பின் காத்திருக்கும் சரக்கன்று. விலையும் லாரியும் தொலைபேசியிலேயே முடிவாகின்றன. “நேற்று நம்மை அழைத்தவர்களுள் யாருக்கு இன்னும் மறுபடி பேசவில்லை?” என்று அவர் கேட்டால், கணக்கர் அழைப்பேட்டைப் புரட்டி அரைமணி நேரத்தில் சொல்வார். ஏ.ஐ. ஏஜெண்டு நொடியில் சொல்லிவிடும். ஏஜெண்டு என்றதும் நம் பக்கத்தார் ஏலக்காய்த் தரகரை நினைப்பர்; பெயரளவில் அது தவறுமன்று. பிறர் சார்பில் வேலையை முடித்துத் தருவதால்தான் இந்தப் பொறிக்கும் அப்பெயர் வாய்த்தது.

அழைப்பேட்டை அப்பொறி மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. அதன் கையில் ஒரு சிறு கருவி கொடுக்கப்படுகிறது. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, இன்ன எண், எடுத்ததா தவறியதா என்று கருவியிடம் அது கேட்கும். கருவி ஏட்டிலிருந்து வரிகளை எடுத்துத் தரும். அவற்றைக் கொண்டு பொறி விடை அமைக்கும். இவ்வகைக் கருவிகளை இணைப்பதற்கென எம்.சி.பி. என்னும் பொது நெறியை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் நம் சோகோ நிறுவனமும் 2025-இல் அந்நெறியைத் தன் மென்பொருள்களுக்குக் கொண்டு வந்தது.

எங்கே தவறு நேரும்? கணினிகள் பல நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் குறிக்கின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். செவ்வாய் விடியற்காலை நாலரைக்கு வந்த அழைப்பு ஏட்டில் திங்கள் இரவு பதினொரு மணி என்று நிற்கும். விடியலில் வணிகம் நடத்துவோர்க்கு இது சிறு பிழையன்று. கருவி முதல் நூறு வரிகளை மட்டும் தந்திருக்க, அதுவே முழு ஏடு என்று பொறி எண்ணிக்கொள்வதும் உண்டு. நாட்டுக் குறியீட்டோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் பதிவான ஒரே எண்ணை இருவராக எண்ணுவதும் நேரும்.

இவையெல்லாம் திருத்தக் கூடியவை. நாம் அஞ்சுவது வேறொன்றை. விடியுமுன் ஜீப்பில் குமுளி வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர் நம் ஊர்களில் மிகப் பலர். மலைமடிப்புகளில் தொலைபேசித் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிட்டும். வீட்டுக்கு ஒரே தொலைபேசி இருக்குமிடத்தில் அது அன்று மனைவியிடமோ பிள்ளையிடமோ இருக்கலாம். ஏடோ, “மூன்று முறை அழைப்பு, எடுக்கவில்லை” என்று மட்டுமே சொல்லும். “பொறுப்பில்லாத ஆட்கள் யார்?” என்று முதலாளி கேட்டு, பொறி அவ்வெண்ணைப் பட்டியலின் தலையில் வைத்தால், ஒரு குடும்பத்தின் கூலி போய்விடும். எண் யாருடையது என்பது ஏட்டில் உண்டு; அன்று அது யார் கையில் இருந்தது, ஏன் எடுக்கவில்லை என்பவை ஏட்டில் இல்லை. இல்லாததை ஊகித்துச் சொல்லும் பழக்கமோ இப்பொறிகளுக்கு உண்டு.

பேச்சு பதிவாகாத ஏடுதானே, அதில் என்ன மறைவு என்று கேட்போரும் உளர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. 800-க்கும் மேற்பட்ட தன்னார்வலரின் அழைப்புக் குறிப்புகளை, பேச்சில் ஒரு சொல்லும் கேளாமலே, அவர்கள் ஆராய்ந்தனர். ஒருவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு என்பதை அவர் யாரை அழைத்தார் என்பதிலிருந்தே அறிந்துகொண்டனர். கடை ஊழியப் பெண் ஒருவர் கடைத் தொலைபேசியிலிருந்து எந்த மருத்துவமனையை எத்தனை முறை அழைத்தார் என்பதை முதலாளியின் பொறி அறிய வேண்டிய தேவை என்ன?

2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறியவர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அது வரட்டும். இக்கருவியை வாங்கும் சிறு வணிகர் விற்பவரிடம் இப்போதே சில கேள்விகள் கேட்கலாம். ஏட்டைப் படிக்க மட்டும் அனுமதியா, அழிக்கவும் திருத்தவும் கூடுமா? வாடிக்கையாளர் அழைப்புகளை மட்டும் காட்டி, ஊழியரின் சொந்த அழைப்புகளை மறைக்க வழி உண்டா? பொறி எந்த வரிகளைக் கண்டு விடை சொன்னது என்பதை நாம் பார்க்க முடியுமா? பட்டியலில் பெயர் வந்துவிட்ட தொழிலாளியை நீக்குமுன், மாலையில் ஜீப் மலையிறங்கிய பிறகு, அவரையே ஒருமுறை அழைத்துக் கேட்கவும் வேண்டும்.