கரியமிலவாயுவில் எரிபொருள்: விவசாயிக்கு என்ன பயன்?

"கரியமிலவாயுவைப் பிடித்து எரிபொருள் ஆக்குகிறார்களாமே, அது நம் டிராக்டருக்கு வருமா?" என்று பயிற்சி முகாம்களில் விவசாயிகள் கேட்கிறார்கள். டீசல் வாங்கிக் கட்டுபடியாகாதவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. விவரத்தைப் பார்ப்போம்.

இலை செய்யும் வேலை

பயிரின் இலை காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுக்கிறது. வேர் நீரைத் தருகிறது. சூரிய ஒளியின் சக்தியால் இவை சர்க்கரையாக மாறுகின்றன, பிராணவாயு வெளியேறுகிறது. இதே வேலையை மின்சாரத்தைக் கொண்டு இயந்திரத்தில் செய்வதுதான் புதிய முறை.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்ற எட்டோஷா கேவ் என்ற பெண் விஞ்ஞானி, 2015-ல் கேந்திரா கூல், நிக்கோலஸ் பிளாண்டர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து இதற்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்று அதன் பெயர் 'ட்வெல்வ்'. 2023-ல் வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக் என்ற ஊரில் விமான எரிபொருள் ஆலைக்கான வேலையைத் தொடங்கியது.

செய்முறை

உலோகக் கிரியா ஊக்கி பூசிய மெல்லிய சவ்வு உள்ள பெட்டியில் கரியமிலவாயுவும் நீரும் செலுத்தப்படுகின்றன. மின்சாரம் பாயும்போது கரியமிலவாயு, கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் பெறப்படுகிறது. இவ்விரண்டையும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேறொரு கிரியா ஊக்கியின் மேல் செலுத்தினால் எண்ணெய் கிடைக்கும். இந்த இரண்டாவது கட்டம், 1920-களில் ஃபிஷர், டிராப்ஷ் என்ற ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டறிந்தது.

மின்சாரமே பெரும் செலவு

கரியமிலவாயு அடுப்புச் சாம்பலைப் போன்றது. ஏற்கெனவே எரிந்து முடிந்தது. அதை மீண்டும் எரியும் பொருளாக்க, எரிந்தபோது வந்த சக்தியைவிட அதிகம் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி உள்ளது. இம்முறையில் ஒரு லிட்டர் தயாரிக்க ஏறத்தாழ 20 யூனிட் மின்சாரம் வேண்டும். அதைக் கொண்டு 5 குதிரைசக்தி பம்புசெட்டை நான்கு மணி நேரம் ஓட்டலாம். நிலக்கரி மின்சாரத்தில் தயாரித்தால், பிடித்த வாயுவைவிட வெளிவிடும் வாயுவே மிகுதி. எனவே நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து பெறும் மின்சாரமே இதற்கு ஏற்றது.

நீண்ட தூரம் பறக்கும் விமானத்தில் கனமான பேட்டரியை ஏற்ற முடியாது. ஆகவே அங்கே இந்த எரிபொருளுக்கு இடம் உண்டு. டிராக்டருக்கு இது அண்மையில் வராது.

எரிந்ததும் கரியமிலவாயு மீண்டும் காற்றுக்கே போகிறது. நாம் இடும் யூரியாவும் அப்படித்தான். 45 கிலோ மூட்டையைத் தயாரிக்க 33 கிலோ கரியமிலவாயு சேர்கிறது. மண்ணில் யூரியா சிதையும்போது அது திரும்ப வெளியேறுகிறது. எரிபொருளில் உள்ள ஆதாயம், பூமிக்கடியிலிருந்து புதிதாக எண்ணெய் எடுப்பது குறைவதே.

கரும்பு விவசாயி கவனிக்க

அனல் மின்நிலையப் புகையில் கரியமிலவாயு ஏழில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம். ஆனால் மொலாசஸை நொதிக்கவைத்து எரிசாராயம் தயாரிக்கும் தொட்டியிலிருந்து வருவது ஏறக்குறைய சுத்தமான கரியமிலவாயு. 46 கிலோ எரிசாராயம் உண்டாகும்போது 44 கிலோ வாயு வெளியாகிறது. அது உங்கள் கரும்பின் தோகை காற்றிலிருந்து எடுத்ததே!

இத்தகைய எரிபொருள் ஆலைகள் பெருகினால், இந்த வாயுவுக்கு நல்ல கிராக்கி ஏற்படும். கழிவாகப் போனது காசாகும் அந்த நாளில், கரும்பு விலையில் தங்களுக்கும் பங்கு உண்டா என்று விவசாயிகள் சங்கம் மூலம் கேட்க வேண்டும்.

கரியமிலவாயு டீசல் விற்பனைக்கு முன்பணம் என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். டீசல் செலவைக் குறைக்க இன்று கையில் உள்ள வழி சூரிய சக்தி பம்புசெட்டே. அதற்கான மானிய விவரங்களை வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு அறிந்து பயன்பெறலாம்.