உட்கார்ந்தால் ஒரு புள்ளி, செய்து பார்த்தால்?

மனிதவள அலுவலர்களுக்கு அமெரிக்காவின் எஸ்.எச்.ஆர்.எம். அமைப்பு தரும் சான்றிதழைப் புதுப்பிக்கும் கெடு எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. மூன்றாண்டுச் சுழற்சி முடிகிற ஆண்டில், அவரவர் பிறந்த மாதத்தின் கடைசி நாள்தான் கெடு. அதனால் எங்களுக்கு வரும் கடிதங்களும் மாதக் கடைசியில்தான் குவிகின்றன. “60 புள்ளியில் 41தான் சேர்ந்திருக்கிறது. பத்து நாளில் மீதி 19 எங்கே கிடைக்கும்?” என்று கேட்கிறார் அம்பத்தூரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர். “எட்டு வெபினார் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. இது எனக்கு மட்டும்தானா?” என்று கோவையிலிருந்து இன்னொருவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

சேர்க்கவேண்டியதன் பெயர் தொழில்முறை வளர்ச்சிப் புள்ளி. பெயரில் வளர்ச்சி இருந்தாலும் அளக்கப்படுவது பெரும்பாலும் நேரம்தான். ஒரு மணி நேர வகுப்புக்கு 1 புள்ளி, மூன்று ஆண்டில் 60 புள்ளி. மாதத்துக்குச் சுமார் 1 மணி 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டவருக்கு என்ன புரிந்தது, மறுநாள் அலுவலகத்தில் எதை மாற்றினார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

ஆனால் விதிகளில் ஓர் இடம் இதற்கு விலக்கு. புள்ளி சேர்க்க மூன்று வழிகள் உண்டு: படிப்பது, தொழிலுக்குப் பங்களிப்பது, தன் நிறுவனத்தில் ஒரு திட்டத்தை முன்னெடுத்து முடிப்பது. மூன்றாவது வழியில், நீங்கள் செய்த வேலையே புள்ளியாகிறது. வருகைப் பதிவு முறையை மாற்றியமைத்தீர்களா, பயிற்சித் தொழிலாளர்களுக்கு முதல் வாரப் பாடத்திட்டம் வகுத்தீர்களா, எழுதி ஆதாரத்தோடு வைத்தால் கணக்கில் சேரும். நல்ல யோசனை. ஆனால் இந்த வழிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பங்களிப்புக்கும் உச்சவரம்பு உண்டு. படிப்புக்கு மட்டும் இல்லை. 60 புள்ளியையும் நாற்காலியில் உட்கார்ந்தே சேர்த்துவிட முடியும். செய்து பார்த்து மட்டும் சேர்க்க முடியாது.

வரம்பு வைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றாட வேலையையெல்லாம் ‘திட்டம்’ என்று எழுதிக் கொடுத்தால் சரிபார்ப்பது கடினம். வகுப்புக்கோ வருகைச் சான்று இருக்கிறது. ஆனால் புள்ளியை எண்ணும் அமைப்பே கருத்தரங்கும் பயிற்சி வகுப்பும் விற்கிறது என்பதையும் வாசகர் மறந்துவிடக் கூடாது. ‘தொடர்ந்து கற்பவர்’ என்று சான்றிதழ் சொன்னால், தொடர்ந்து பதிவு செய்தவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கற்றாரா என்பதை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேறு இடத்துக்கு ஓர் உதாரணம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. அதற்குப் பிறகு வெபினார்களுக்குக் குறைவே இல்லை. நானும் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். “அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் 50 சதவீதம் இருக்கணும், அவ்வளவுதான்” என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார் பேசியவர். கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் புள்ளி கிடைத்திருக்கும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது இதுதான். கைக்கு வருவதெல்லாம் ஊதியம். அதிலிருந்து சில இனங்களை மட்டும் கழிக்கலாம்: வீட்டு வாடகைப்படி, பயணப்படி, மிகைநேர ஊதியம், கமிஷன் போன்றவை. கழிக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு திரும்பச் சேரும். ‘சிறப்புப் படி’ என்று நம் ஊர்ச் சம்பளச் சீட்டுகளில் ஒரு வரி இருக்குமே, அது கழிக்கும் பட்டியலில் கிடையாது. எனவே அது ஊதியத்திலேயே நிற்கும்.

ஒரு சீட்டைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 40,000 ரூபாய். அடிப்படை 12,000, வாடகைப்படி 16,000, பயணப்படி 8,000, சிறப்புப் படி 4,000. கழிக்கத்தக்கவை 24,000. பாதி 20,000 என்பதால் மிஞ்சும் 4,000 திரும்பி வருகிறது. ஊதியம் 12,000 + 4,000 + 4,000 = 20,000. அடிப்படைச் சம்பளத்தை ஒரு ரூபாய்கூட மாற்றாமலே கணக்கு நேராகிவிட்டது. மாறியது கிராஜுவிட்டி. பழைய கணக்கில் ஓர் ஆண்டுப் பணிக்கு 12,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,923 ரூபாய். புதிய கணக்கில் 11,538.

15,000 ரூபாய் உச்சவரம்பில் பி.எஃப். பிடித்தால் கையில் வாங்கும் சம்பளம் குறையாது என்கிறது தொழிலாளர் அமைச்சகம். ஏற்கெனவே அந்த வரம்பில் பிடிக்கப்படுவோருக்கு அது சரி. மேலே உள்ள சீட்டில் இதுவரை 12,000-க்கு மட்டும் பிடித்துவந்திருந்தால், இனி 15,000-க்குப் பிடிக்கும்போது 12 சதவீதக் கணக்கில் மாதம் 360 ரூபாய் குறையும். அது அவர் பி.எஃப். கணக்கில் சேரும் பணம்தான், வேலை கொடுப்பவரும் தன் பங்கைக் கூட்டித்தான் கட்டுவார். ஆனாலும் மாதக் கடைசியில் 360 ரூபாய் குறைவதை ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருவர் மனிதவள அலுவலர்தானே?

ஶ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றில் லைனில் நிற்கும் ஊழியர் வந்து, “மேடம், எனக்கு கிராஜுவிட்டி எவ்ளோ வரும்?” என்று கேட்டால், “பேரோல்காரங்களைக் கேட்டுச் சொல்றேன்” என்பது ஒரு பதில். சட்டத்தின் வரியைத் திறந்து வைத்து, அவர் சீட்டையே எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவது இன்னொரு பதில். கற்பது என்று நான் சொல்வது இந்த இரண்டாவது பழக்கத்தை. சம்பளக் கட்டமைப்பை மாற்றும் கூட்டத்தில் நிதித் துறைத் தலைவர் எதிரே பேச இடம் கிடைப்பது இப்படிக் கணக்குப் போட்டவருக்குத்தான். பதவி உயர்வும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. அனைவருக்கும் பொதுவாகத் தரும் சிறப்புப் படியை பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதை அன்றே படித்தவர்களுக்கு 2025 அதிர்ச்சியாக இருந்திருக்காது.

பிரிட்டனின் சி.ஐ.பி.டி. வேறு வழியில் போகிறது. 1913-ல் யார்க் நகரில், ரவுண்ட்ரீ சாக்லேட் ஆலையில் கூடிய நல அலுவலர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு அது. உறுப்பினர் தொடர்ந்து கற்க வேண்டும் என்று கேட்கிறது, ஆனால் மணிக்கணக்கு வைப்பதில்லை. என்ன கற்றாய், அதனால் வேலையில் என்ன மாறியது என்று எழுதி வைக்கச் சொல்கிறது. அழகாக எழுதத் தெரிந்தவர் இதிலும் ஏமாற்ற முடியும். இருந்தாலும் கேட்கப்படும் கேள்வி சரியானது. கேள்வி சரியாக இருந்தால், நேர்மையாகப் பதில் எழுதுகிறவராவது வளர்வார்.

அம்பத்தூர் வாசகிக்கு வருகிறேன். 19 புள்ளிக்கு 19 வெபினார் தேடாதீர்கள். முதலில் கடந்த மூன்று ஆண்டில் உங்கள் நிறுவனத்தில் நீங்களே முடித்த வேலைகளைப் பட்டியலிடுங்கள். திட்ட வழியில் உச்சவரம்பு வரை பதியுங்கள். பலரும் இந்த வழி இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பாக்கிக்கு வகுப்புக்குப் போங்கள். போகுமுன் உங்கள் ஆலையில் இப்போது விடை தெரியாமல் நிற்கும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். வேலையை விட்டவரின் ஊதியக் கணக்கை இரண்டு வேலை நாளில் முடிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். உங்கள் அலுவலகத்தில் அதற்கு இப்போது எத்தனை நாள் ஆகிறது, எந்த மேசையில் தேங்குகிறது? இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தால் கோவை நண்பரின் மறதி வராது.

மற்றக் கேள்விகள்:

மனிதவளச் சான்றிதழ் தரும் எச்.ஆர்.சி.ஐ.யும் எஸ்.எச்.ஆர்.எம்.மும் ஒன்றா?
இல்லை. 2014-ல் எஸ்.எச்.ஆர்.எம். தனிச் சான்றிதழ் அறிவித்த பிறகு இரண்டும் தனித்தனி. ஒரே வகுப்பு இரண்டிலும் ஏற்கப்பட்டாலும் இரண்டு இடத்திலும் பதிய வேண்டும்.

புள்ளி சேர்க்காமல் புதுப்பிக்க முடியுமா?
முடியும், தேர்வை மறுபடி எழுதி.

கெடு தாண்டினால்?
தாமதக் கட்டணத்தோடு சிறிது அவகாசம் உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள்.

தணிக்கைக்குக் கூப்பிடுவார்களா?
சிலரைக் கூப்பிடுவார்கள், வருகைச் சான்றும் திட்ட ஆவணமும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

ஓராண்டு ஒப்பந்த ஊழியருக்கும் கிராஜுவிட்டியா?
குறித்த கால ஒப்பந்தத்தில் நிறுவனமே நேரடியாக எடுத்தவர் என்றால், ஓராண்டு முடித்தாலே உண்டு.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்தேன், நல அலுவலர் பதவிக்கு எதிர்காலம் இருக்கிறதா?
பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 500 தொழிலாளர் இருந்த இடத்தில்தான் அது கட்டாயம். புதிய சட்டத் தொகுப்பு 250 என்று குறைத்திருக்கிறது.

சான்றிதழே இல்லை, எங்கே தொடங்குவது?
உங்கள் சம்பளச் சீட்டில், மேலே போட்ட கணக்கிலிருந்து.